உறைந்த பின்னும் சுழலும் மூலக்கூறு: திட ஹைட்ரஜனின் 1.6 கெல்வின் உச்சி

நிகழ்வு

1954-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹில், ரிக்கெட்சன் என்ற இரு இயற்பியலாளர்கள் திட ஹைட்ரஜனின் தன்வெப்பத்தை (வெப்பநிலையை ஒரு படி உயர்த்தத் தேவையான வெப்பத்தை) 2 கெல்வினுக்கும், அதாவது முழுப் பூஜ்யத்துக்கு மேலே 2 டிகிரிக்கும், கீழே கொண்டுபோய் அளந்தார்கள். அவ்வளவு குளிரில் ஒரு சாதாரணப் படிகத்தின் தன்வெப்பம் ஏறக்குறைய பூஜ்யமாகிவிட வேண்டும். அணுக்களின் அதிர்வு அடங்கிப்போயிருக்கும், வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ள உள்ளே எதுவும் மிச்சம் இருக்காது. ஆனால் 1.6 கெல்வினை ஒட்டி வரைபடத்தில் கூர்மையான ஓர் உச்சி எழுந்தது. கிரேக்க எழுத்தான லாம்டாவின் வடிவத்தில், ஒரு பக்கம் சரிவாக ஏறி மறுபக்கம் செங்குத்தாக விழும் உச்சி.

ஹைட்ரஜன் ஏறத்தாழ 14 கெல்வினிலேயே உறைந்துவிட்டது. உறைந்து முடிந்த படிகத்துக்குள், அதைவிட ஒன்பது மடங்கு தாழ்ந்த வெப்பநிலையில், இன்னொரு மாற்றம் நடக்கிறது. என்ன மாறுகிறது? இந்த ஆய்வு அந்த ஒரே கேள்வியைப் பின்தொடர்கிறது. என் பார்வையில், மூலக்கூறுகளுக்கு இடையிலான விசை என்றால் என்ன என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பொருள் வேறொன்று இல்லை.

முந்தைய கதை

ஜேம்ஸ் டூவர் 1898-ல் லண்டனில் ஹைட்ரஜனைத் திரவமாக்கினார், அடுத்த ஆண்டே உறைய வைத்தார். அப்போது யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் 1927-ல் வெளிவந்தது: ஹைட்ரஜன் ஒரே வகை மூலக்கூறு அல்ல. அதன் அணுக்கருக்களான இரண்டு புரோட்டான்களின் தற்சுழற்சியும் ஒரே திசையில் இருந்தால் அது ஆர்த்தோ, எதிரெதிராக இருந்தால் பாரா. புரோட்டான்கள் ஒன்றுபோலவே இருப்பதால் குவாண்டம் இயற்பியல் ஒரு கண்டிப்பான நிபந்தனை போடுகிறது. பாரா மூலக்கூறின் சுழற்சிக் குவாண்டம் எண் (மூலக்கூறின் சுழற்சி எந்த ஆற்றல் படியில் இருக்கிறது என்பதைச் சொல்லும் எண்) 0, 2, 4 என்று இரட்டைப்படையில்தான் இருக்கும். ஆர்த்தோவுக்கு 1, 3, 5.

ஹைசன்பர்க்கும் ஹுண்டும் இதற்கான அடித்தளத்தைப் போட்டார்கள். அறை வெப்பநிலை ஹைட்ரஜன் என்பது ஒன்று மற்றொன்றாக மாறாத ஆர்த்தோ 3 பங்கு, பாரா 1 பங்கு கலவை என்று எடுத்துக்கொண்டு, குளிரும்போது வாயுவின் தன்வெப்பம் ஏன் குறைகிறது என்பதை டென்னிசன் கணக்குப் போட்டு விளக்கினார். 1929-ல் போன்ஹோஃபரும் ஹார்ட்டெக்கும் திரவ ஹைட்ரஜன் வெப்பநிலையில் கரியின்மேல் வாயுவை நிறுத்தி, ஏறக்குறைய தூய பாராவையே கையில் எடுத்துக் காட்டினார்கள்.

இதிலிருந்து நமக்குத் தேவையானது ஒன்றுதான். பாரா குளிர்ந்தால் பூஜ்யச் சுழற்சிக்கு இறங்கி அமைதியாகிவிடும். ஆர்த்தோவுக்கு அந்தப் படி கிடையாது. அதன் மிகத் தாழ்ந்த நிலையே 1. அதாவது சுழன்றுகொண்டுதான் இருக்க வேண்டும், வேறு வழி இல்லை.

சுற்றியிருப்பவர்கள் ஏன் நிறுத்தவில்லை?

திடப்பொருள் என்றதும் நாம் மனதில் போடும் படம், ஒவ்வொரு மூலக்கூறும் தன் இடத்தில், தன் திசையில் இறுகி நிற்பது. நைட்ரஜன் அப்படித்தான் நடந்துகொள்கிறது. 35.6 கெல்வினுக்குக் கீழே அதன் மூலக்கூறுகள் குறிப்பிட்ட திசைகளைப் பிடித்துக்கொண்டு சற்றே ஊசலாடுகின்றன, முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை.

ஹைட்ரஜனில் அப்படி ஆகாது என்று 1930-ல் லைனஸ் பாலிங் வாதிட்டார். அவர் வாதத்தின் சாரம் இரண்டு எண்களை எதிரெதிரே வைப்பது. ஒன்று, மூலக்கூறை ஒரு சுழற்சிப் படியிலிருந்து அடுத்ததற்குத் தூக்கத் தேவையான ஆற்றல். மற்றொன்று, அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் அதன் திசையைப் பிடித்து நிறுத்தப் பயன்படுத்தும் ஆற்றல்.

முதல் எண் ஹைட்ரஜனில் மிகப் பெரியது. இருப்பதிலேயே லேசான மூலக்கூறு, பிணைப்பு நீளமும் 0.74 ஆங்ஸ்ட்ராம்தான். நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சியை மாற்றுவதற்குப் பொருள் காட்டும் எதிர்ப்பு) சிறிதாக இருந்தால் சுழற்சிப் படிகள் உயரமாக இருக்கும். 0-விலிருந்து 1-க்கு ஏற சுமார் 170 கெல்வினுக்குச் சமமான ஆற்றல் வேண்டும். 0-விலிருந்து 2-க்கு 510 கெல்வின். இரண்டாவது எண் சிறியது, ஏனென்றால் படிகத்தில் அடுத்த மூலக்கூறு 3.8 ஆங்ஸ்ட்ராம் தள்ளி நிற்கிறது, அதாவது பிணைப்பு நீளத்தைப்போல் ஐந்து மடங்கு தூரத்தில். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் இந்த மூலக்கூறு கிட்டத்தட்ட ஓர் உருண்டைதான். திசையைச் சார்ந்த ஆற்றல் சில கெல்வின் அளவே வரும்.

ஒரு பக்கம் நூற்றுக்கணக்கில், மறுபக்கம் ஒற்றை இலக்கத்தில். எனவே திடப்பொருளுக்குள்ளும் மூலக்கூறு தன் சுழற்சிக் குவாண்டம் எண்ணை விட்டுக்கொடுப்பதில்லை. இதற்கு நேரடிச் சாட்சியும் உண்டு. ராமன் விளைவு (மூலக்கூறில் சிதறும் ஒளியின் நிறம் சற்றே மாறுவது) கண்டுபிடிக்கப்பட்ட அடுத்த ஆண்டே, 1929-ல், டொராண்டோவின் மெக்லெனனும் மெக்லியடும் திரவ ஹைட்ரஜனில் சுழற்சிக் கோடுகளைப் பார்த்துவிட்டார்கள். 354, 588 ஆகிய அலையெண்களை (ஒரு சென்டிமீட்டரில் இத்தனை அலைகள் என்ற கணக்கு) ஒட்டி, பாராவுக்கு ஒன்று, ஆர்த்தோவுக்கு ஒன்று, வாயுவில் இருக்க வேண்டிய இடத்திலேயே. பின்னாளில் திடப்பொருளிலும் அந்தக் கோடுகள் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றன.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் படிகத்தில் மூலக்கூறுகள் தங்கள் இடத்தில்கூட ஆடாமல் நிற்பதில்லை. பூஜ்யநிலை அதிர்வு காரணமாக, முழுப் பூஜ்ய வெப்பநிலையிலும் அண்டைத் தூரத்தில் சுமார் 18 சதவீதம் அளவுக்கு ஊசலாடிக்கொண்டே இருக்கின்றன. அதனால்தான் இதைக் குவாண்டம் திடப்பொருள் என்கிறோம். ஒரு மூலக்கூறைப் படிகத்திலிருந்து பிரித்தெடுக்கச் சுமார் 90 கெல்வினுக்குச் சமமான ஆற்றல் போதும். படிகம் முழுவதையும் கட்டிப்பிடித்திருக்கும் ஆற்றலே சுழற்சியின் முதல் படியைவிடச் சிறியது. இந்த ஒப்பீட்டை முதன்முறை பார்த்தபோது திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன்.

எந்த விசை?

சரி, 1.6 கெல்வின் உச்சிக்கு வருவோம். சைமனும் அவர் குழுவும் 1930-லேயே ஒரு துப்பைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஆர்த்தோ கலந்த திட ஹைட்ரஜனின் தன்வெப்பம், தூய பாராவைவிட அதிகமாக இருந்தது, குளிரக் குளிர அந்த வேறுபாடு வளர்ந்தது. ஆக, மிகுதி வெப்பத்தைச் சுமப்பது ஆர்த்தோ.

எப்படிச் சுமக்கிறது? குவாண்டம் எண் 1 உள்ள சுழற்சிக்கு மூன்று திசைநிலைகள் உண்டு. தனி மூலக்கூறில் மூன்றும் ஒரே ஆற்றல். படிகத்தில் ஏதோ ஒரு விசை அவற்றைப் பிரித்துவிட்டால், குளிரும்போது மூலக்கூறுகள் தாழ்ந்த நிலைக்கு இறங்கும், அந்த இறக்கம் தன்வெப்பத்தில் தெரியும். மூன்றில் ஒன்றுக்கு வருவதால் ஒரு மோல் ஆர்த்தோ இழக்க வேண்டிய எண்ட்ரோப்பி (ஒழுங்கின்மையின் அளவு) சுமார் 9.1 ஜூல்/கெல்வின்.

அந்த விசை எது என்பதில்தான் குழப்பம். முதல் சந்தேகம், படிகச் சூழல் ஒவ்வொரு மூலக்கூறையும் தனித்தனியாகத் திருப்புகிறது என்பது. இது நிற்காது. திட ஹைட்ரஜனின் அறுகோண நெருக்க அடுக்கில் (உருண்டைகளை இடைவெளி குறைய அடுக்கும் ஒரு முறை) பன்னிரண்டு அண்டை மூலக்கூறுகள் சமச்சீராகச் சூழ்ந்திருப்பதால் அவற்றின் இழுப்பு ஒன்றையொன்று அழித்துவிடுகிறது. பாராவுக்கு நடுவே தனியாக மாட்டிக்கொண்ட ஓர் ஆர்த்தோவுக்கு மிஞ்சும் பிரிவு, ஒரு கெல்வினில் நூறில் ஒரு பங்கு அளவுதான். மேலும் தனித்தனியாகத் திரும்புவதாக இருந்தால் தன்வெப்பத்தில் வழவழப்பான மேடுதான் வந்திருக்க வேண்டும். கூர்மையான லாம்டா வடிவம் என்றாலே பலர் சேர்ந்து ஒரே நேரத்தில் முடிவெடுக்கிறார்கள் என்று பொருள். ஹில், ரிக்கெட்சன் அளவீட்டில் இன்னொரு தடயமும் இருந்தது: ஆர்த்தோவின் பங்கு குறையக் குறைய உச்சி கீழே நகர்ந்தது, சுமார் 60 சதவீதத்தை ஒட்டி மறைந்தே போனது. எனவே இது ஆர்த்தோவுக்கும் ஆர்த்தோவுக்கும் இடையிலான விவகாரம்.

இருமுனை விசையா? ஹைட்ரஜன் மூலக்கூறின் இரு முனைகளும் ஒன்றுபோலவே இருப்பதால் அதற்கு நிரந்தர இருமுனை (ஒரு முனை நேர்மின், மறுமுனை எதிர்மின் என்ற பிரிவு) கிடையாது. வான் டெர் வால்ஸ் ஈர்ப்பின் திசைச் சார்பா? எலக்ட்ரான் மேகங்கள் உரசும் விலக்கமா? 1955-ல் நகமுரா இவற்றையெல்லாம் மதிப்பிட்டு, மற்றவற்றைவிடத் தெளிவாக முந்தி நிற்பது மின் நான்முனை விசை என்று காட்டினார்.

நான்முனை என்றால் என்ன என்று ஒரு நிமிடம் பார்ப்போம். மூலக்கூறின் அச்சு முனைகளில் புரோட்டான்கள் இருப்பதால் அங்கே சற்று நேர்மின் மிகுதி, இடுப்பைச் சுற்றி எதிர்மின் மிகுதி. இரண்டு மூலக்கூறுகள் முனையோடு முனை சந்தித்தால் விலக்கிக்கொள்ளும். ஒன்றின் முனை மற்றதன் இடுப்பைப் பார்த்து, ஆங்கில ‘T’ எழுத்துபோலச் செங்குத்தாக நின்றால் ஈர்த்துக்கொள்ளும். இந்த விசையின் ஆற்றல் தூரத்தின் ஐந்தாம் அடுக்கில் குறைகிறது. ஆர்த்தோவுக்கு இந்த நான்முனை வெளியே தெரியும். பூஜ்யச் சுழற்சியில் இருக்கும் பாராவோ எல்லாத் திசையிலும் சமமாகப் பரவிய உருண்டை, அதன் நான்முனை சராசரியில் காணாமல் போய்விடும். உச்சி ஏன் ஆர்த்தோவை நம்பியிருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் தேவையில்லை.

அதன் அளவையும் பின்னர் நேரடியாகப் பிடித்துவிட்டார்கள். ஏறக்குறைய தூய பாராவுக்குள் அடுத்தடுத்து உட்கார்ந்த இரண்டே ஆர்த்தோ மூலக்கூறுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தலா மூன்று நிலை, ஆக ஒன்பது. நான்முனை விசை அந்த ஒன்பதையும் நான்கு படிகளாகப் பிரிக்கிறது. விசையின் அலகைக் காமா என்று வைத்தால், மைனஸ் 4 காமாவில் இரண்டு, பூஜ்யத்தில் நான்கு, 1 காமாவில் இரண்டு, 6 காமாவில் ஒன்று. கூட்டிப் பார்த்தால் பூஜ்யம் வரும், கணக்கு சரி. 1970-களில் ஹார்டி, பெர்லின்ஸ்கி போன்றவர்கள் நுண்ணலையால் இந்த இணைகளை ஆராய்ந்தார்கள். அசையாத அணிக்கோவை (படிகத்தில் மூலக்கூறுகள் நிற்கும் ஒழுங்கான அமைப்பு) என்று வைத்துக் கணக்கிட்டால் காமா 1 கெல்வின் வர வேண்டும். அளவீடுகள் தருவது சுமார் 0.8. அந்தக் குறைவில் பெரும்பங்கு நான் மேலே சொன்ன பூஜ்யநிலை ஆட்டத்தின் வேலை.

காந்த ஒத்ததிர்வின் சாட்சி

ஹில், ரிக்கெட்சனுக்கு ஓராண்டு முன்னதாகவே, 1953-ல், ஹார்வர்டில் ரீஃபும் பர்செலும் திட ஹைட்ரஜனின் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வை (காந்தப் புலத்தில் அணுக்கருக்கள் குறிப்பிட்ட ரேடியோ அலையை உறிஞ்சுவது) வெளியிட்டிருந்தார்கள். மாற்றத்துக்கு மேலே ஒற்றைக் கோடு. 1.5 கெல்வினை ஒட்டிக் குளிரும்போது அது பிளவுபட்டது.

ஒவ்வொரு புரோட்டானும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்துப் புரோட்டானின் புலம் ஒத்ததிர்வுக் கோட்டைப் பிளக்க முயலும். மூலக்கூறு மூன்று திசைநிலைகளிலும் வேகமாக மாறிக்கொண்டிருந்தால் அந்தப் பிளவு சராசரியில் அழிந்துபோகும். பிளவு வெளியே தெரிகிறது என்றால், ஒரு திசைநிலை தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டது என்று பொருள்.

பலர் தடுமாறும் இடம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். ‘சுழற்சி உறைந்துவிட்டது’ என்று சில விளக்கங்களில் படிப்போம். அது தவறு. மூலக்கூறின் குவாண்டம் எண் இன்னும் 1-தான். உறைந்தது சுழற்சி அல்ல, சுழற்சியின் மேகம் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்பது. அச்சு ஒரு திசையோடு அமைக்கும் கோணத்தின் கொசைன் வர்க்கத்தை எடுத்தால், ஒழுங்கற்ற நிலையில் சராசரி 1/3. இரும்புக் கம்பிபோல் நேராக நின்றுவிட்டால் 1. ஹைட்ரஜனின் ஒழுங்கு நிலையில் 3/5. கோட்டின் பிளவும் அசையாமல் நிற்கும் மூலக்கூறு தரக்கூடியதில் ஐந்தில் இரண்டு பங்குதான் வர முடியும். அளந்த பிளவு அந்த அளவோடுதான் ஒத்துப்போனது. ஒழுங்குபட்ட பிறகும் மூலக்கூறு சுழல்கிறது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது.

பன்னிரண்டு பேரைத் திருப்திப்படுத்துவது

நான்முனைகளுக்கு ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கவே ஆசை. இரண்டு பேர் என்றால் எளிது. ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு அண்டை வீட்டார் இருந்தால்? எல்லா இணைகளும் ஒரே நேரத்தில் செங்குத்தாக நிற்பது வடிவியலால் முடியாத காரியம். சமரசம்தான் வழி.

கனசதுர நெருக்க அடுக்கில் ஒரு நல்ல சமரசம் கிடைக்கிறது. கனசதுரத்துக்கு நான்கு மூலைவிட்டங்கள். மூலக்கூறுகளை நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஒரு மூலைவிட்டத்தின் திசையில் நிறுத்த வேண்டும். நைட்ரஜன் 35.6 கெல்வினுக்குக் கீழே பிடிக்கும் அமைப்பும் இதுவே. அறுகோண அடுக்கில் இவ்வளவு நல்ல ஏற்பாடு கிடைப்பதில்லை. ஆனால் 1930-ல் லைடனில் கீசோமும் அவர் குழுவும் எக்ஸ் கதிரால் பார்த்தபோது திட ஹைட்ரஜன் அறுகோண அடுக்காகத்தானே இருந்தது?

இந்த முரண்பாடு 1965-ல் அவிழ்ந்தது. கிளவுட்டரும் கஷும் அகச்சிவப்பு நிறமாலையில், லாம்டா மாற்றத்தின்போது படிகமே வடிவம் மாறுகிறது என்பதற்கான அடையாளத்தைப் பார்த்தார்கள். அறுகோண அடுக்கு கனசதுர அடுக்காகிறது. மூலக்கூறுகளின் திசை விருப்பம், அவை நிற்கும் இடங்களையே இடம்பெயர்த்துவிடுகிறது! அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நடக்கும் மாற்றம் என்பதால், குளிர்விக்கும்போது ஒரு வெப்பநிலையிலும் சூடேற்றும்போது வேறொன்றிலும் நடக்கும். ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்ப மாற்றத்தின் வழியே கொண்டுபோனால் முடிவுகளும் நகரும். ஆர்த்தோவைச் செறிவாக்கி ஏறக்குறைய தூயதாகச் செய்தால் மாற்றம் 2.8 கெல்வின் வரை உயர்கிறது.

மாதிரி தானே கரையும் சிக்கல்

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்கு அதிக மரியாதை தோன்றுவது அளந்தவர்களின் பொறுமைமீதுதான். ஏனென்றால் அவர்கள் கையிலிருந்த பொருள் நிமிடத்துக்கு நிமிடம் வேறொன்றாகிக்கொண்டிருந்தது.

தனி ஆர்த்தோ பாராவாக மாறுவது மிக மிக மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் திடப்பொருளில் பக்கத்தில் இன்னொரு ஆர்த்தோ இருந்தால், அதன் காந்தப் புலம் இரண்டு புரோட்டான்களையும் சமமில்லாமல் தொட்டு, தற்சுழற்சியைத் திருப்பிவிடும். வெளிவரும் 170 கெல்வின் ஆற்றல் ஒரே ஒரு அணிக்கோவை அதிர்வில் அடங்காது, குறைந்தது இரண்டு வேண்டும். வேகம் ஆர்த்தோ பங்கின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதன் மாறிலி மணிக்கு 1.9 சதவீதம்.

இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 75 சதவீத ஆர்த்தோவோடு தொடங்கினால் பதினேழரை மணி நேரத்தில் 60 சதவீதம். முழு ஒரு நாள் கழிந்தால் 56. அதாவது இன்று காலை உச்சி காட்டிய படிகம் நாளை காலை காட்டாது! அதன் பிறகு வேகம் குறைந்துவிடும். 10 சதவீதத்துக்கு இறங்க 19 நாள், 1 சதவீதத்துக்கு ஏழு மாதம். அதனால்தான் தூய பாரா வேண்டும் என்பவர்கள் காத்திருக்காமல் இரும்பு ஆக்சைடு போன்ற வினையூக்கியைப் பயன்படுத்துகிறார்கள்.

அப்புறம் வெப்பம். ஒரு மோல் ஆர்த்தோ பாராவானால் சுமார் 1,420 ஜூல் வெளியேறும். புதிதாக உறைந்த ஒரு மோல் மாதிரி தொடக்கத்தில் 4 மில்லிவாட் அளவில் தன்னைத்தானே சூடாக்கிக்கொண்டிருக்கும். 1.6 கெல்வினில் தன்வெப்பம் அளப்பவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. சூடேற்றியைத் தொடுவதற்கு முன்பே மாதிரி ஏறத் தொடங்கியிருக்கும், அந்தத் தானான ஏற்றத்தை ஒவ்வொரு அளவீட்டிலும் கழிக்க வேண்டும். இதே வெப்பம்தான் திரவ ஹைட்ரஜனைச் சேமிப்பவர்களையும் படுத்துகிறது. சாதாரணக் கலவை முழுவதும் பாராவாக மாறும்போது கிலோவுக்குச் சுமார் 527 கிலோஜூல் வரும், ஆவியாக்கவோ 446 போதும்.

ஹைட்ரஜனின் கனமான வடிவமான டியூட்டீரியத்தில் இதுபோன்ற மாற்றம் மணிக்கு 0.06 சதவீதம் மட்டுமே. நிதானமாக வேலை செய்யலாம்.

பாராவுக்குள் ஓடும் அலை

உருண்டைகளாலான தூய பாராவில் நான்முனை விசைக்கு வேலையே இல்லை என்று தோன்றும். ஒரு மூலக்கூறை ஒளியால் கிளப்பி குவாண்டம் எண் 2-க்கு ஏற்றினால் நிலைமை மாறுகிறது. அந்தக் கிளர்ச்சி அதே மூலக்கூறில் தங்காது. நான்முனை விசை அதை அடுத்தவருக்குக் கைமாற்ற, அவர் அதற்கடுத்தவருக்குக் கொடுக்க, சுழற்சி ஓர் அலையாகப் படிகம் முழுக்க ஓடும். டொராண்டோவின் வான் கிரானண்டொங்க் இதற்கான கோட்பாட்டை 1950-களின் இறுதியில் எழுதினார். 354-ல் இருக்கும் ஒற்றை ராமன் கோடு திடப்பொருளில் மூன்றாகப் பிரிய வேண்டும் என்பது அதிலிருந்து வருகிறது. 1962-ல் பட்நாகர், ஆலின், வெல்ஷ் ஆகியோர் உயர் பிரிதிறனில் திட ஹைட்ரஜனின் ராமன் நிறமாலையை வெளியிட்டார்கள். மூன்று கோடுகள், ஏறத்தாழ 352, 354, 356-ல்.

நடுக்கோடு வாயுவின் இடத்திலேயே நிற்கிறது, பிளவின் மொத்த அகலம் 4. பாலிங் எதிரெதிரே வைத்த இரண்டு எண்களும் இங்கே ஒரே படத்தில் தெரிகின்றன: கோடு நிற்கும் இடம் சுழற்சி ஆற்றலைச் சொல்கிறது, பிளவு அண்டை விசையைச் சொல்கிறது.

அழுத்தினால்?

தூரத்தைக் குறைத்தால் இரண்டாவது எண் வேகமாக ஏறும். முதல் எண் பெரிதாக மாறாது. ஒரு கட்டத்தில் அண்டை வீட்டார் வென்றாக வேண்டும், அப்போது உருண்டையான மூலக்கூறுகள்கூடத் திசை பிடிக்கும். டியூட்டீரியத்தின் நிறை இரண்டு மடங்கு என்பதால் அதன் சுழற்சிப் படிகள் பாதி உயரம். ஆகவே அது முன்னதாகவே பணிய வேண்டும் என்று யாரும் ஊகிக்கலாம். 1981-ல் சில்வேராவும் வைன்கார்டனும் வைரப் பட்டடைகளுக்கு நடுவே டியூட்டீரியத்தை நசுக்கி, 28 கிகாபாஸ்கலில் அந்தப் புதிய நிலையைக் கண்டார்கள். பாரா ஹைட்ரஜன் அதே இடத்துக்கு வரச் சுமார் 110 கிகாபாஸ்கல் தேவைப்பட்டது. அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் நசுக்கும்வரை, திடப்பொருளின் நடுவே அந்த மூலக்கூறுகள் எந்தத் திசையையும் ஏற்காமல் உருண்டையாகவே இருந்தன.